பிணையாளரின் கையெழுத்து

மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்களில் வங்கி, நிதிப் பிரிவில் பணியாற்றும் வழக்கறிஞர் நீதிமன்றப் படியேறுவது அரிது. கடன் ஒப்பந்தமும் அடமானப் பத்திரமும் பிணைப் பத்திரமும் வரைந்து திருத்துவதிலேயே அவர் பொழுது கழிகிறது. மொழிதான் அவர் கருவி.

பிணைப் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சம அளவினது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. கடனாளியிடம் வசூலிக்க முயன்று தோற்ற பிறகே பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்பதை 1968இல் பேங்க் ஆஃப் பிகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சட்டம் சில காப்புகளையும் தருகிறது. பிணையாளரின் இசைவின்றிக் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அதன் பின்னர் நிகழும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்லர். ஈட்டை வங்கி தவறவிட்டால், அதன் மதிப்பளவுக்கு அவர் விடுபடுவார். இவ்வுரிமைகளைப் பிணையாளர் தாமே துறப்பதாக ஒரு வாக்கியம் எழுதுவது இத்துறையில் அன்றாட வழக்கம். 133, 134, 135, 139, 141 என்று பிரிவு எண்கள் மட்டும் அதில் வரிசையாக நிற்கும். எதைத் துறக்கிறோம் என்று எண்கள் சொல்வதில்லை.

பெருநிறுவனக் கடனில் பிணை தருபவர் தம் வழக்கறிஞரோடு வருவார்; அங்கே பேரம் உண்டு. அதே வாசகம் அச்சுப் படிவமாகிச் சிறு கடைக்காரரின் தந்தையிடமோ மனைவியிடமோ போகும்போது பேரமில்லை. அவர் அறிந்த சொல் ‘ஜாமீன்’. குஜராத்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் அதே சொல்தான். அரபியில் பிறந்த அச்சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் என்பதே மூலப்பொருள்; அன்றாட வழக்கிலோ அது காவல் நிலையத்தையும் சிறையையும் நினைவூட்டுகிறது. ஆளுக்கு உறுதி சொல்வதாக எண்ணி ஒப்பமிடுகிறவர் கடனையே ஏற்றுக்கொள்கிறார்.

தாய்மொழியில் படித்து விளக்கப்பட்டது என்ற உறுதிமொழியும் படிவத்தின் இறுதியில் இருக்கும். பல நேரங்களில் அதுவும் ஆங்கிலத்தில்! சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை, கடனாளிக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நல்ல ஆணை. வட்டியும் கட்டணங்களும் அதில் வருகின்றன. ஆனால் அது கடனாளிக்கான ஆவணம். பிணையாளரின் துறப்புகளுக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

வழக்கறிஞரின் கட்சிக்காரர் வங்கி. ஓட்டையில்லாமல் எழுதுவது அவர் கடமை. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த ஐந்து எண்களின் பொருளைப் பிணையாளரின் மொழியில் ஐந்து வாக்கியங்களாக எழுதினால் துறப்பு செல்லாமற் போய்விடாது. விளக்கப்பட்டது என்ற சான்றுக்கு அது வலுவே சேர்க்கும். மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்தால் அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் கட்டணம் தர வங்கி இசைந்தால், வழக்கறிஞர் நாளையே எழுதித் தந்துவிடுவார்.