வாயசைக்காத பாட்டு

பென்னாகரத்துக்காரர்கள் என்று நாங்கள் அறிமுகம் செய்துகொண்டால், வெளியூர் நண்பர்களின் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒகேனக்கலைப் பற்றியதாகவே இருக்கும். நீர் எவ்வளவு வருகிறது, பரிசல் ஓடுகிறதா என்று கேட்பார்கள். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் காவிரி பாறைகளுக்கிடையே பொங்கி விழுகிறது. அங்கே செல்வோர்க்கு எங்கள் ஊர், வழியில் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தும் இடம். அருவிக்கு இத்தனை அருகிலிருந்தும் பல்லாண்டுகளாக ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்துவந்த சிற்றூர்கள் இப்பகுதியில் உண்டு என்பது பயணிகளின் கண்ணில் படுவதில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளி மாணவர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு பாடல் காணொளி தயாரித்தபோது, இந்த இருவகை நீரும் ஒன்றாக எங்கள் முன் வந்து நின்றன. அந்த அனுபவத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாங்கள் நால்வர். மாதம் ஒருமுறை கூடிப் படித்த நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். எங்களில் ஒருவருக்குத் திருமணக் காணொளிகளைத் தொகுத்த பழக்கம் உண்டு. திரைக்கலையில் எங்களுக்கு இருந்த தகுதி அவ்வளவே. மாணவர்கள் பதினொரு பேர், பதினொன்றாம் வகுப்பில் படிப்பவர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. கலைத் திருவிழாவும் நடக்கிறது. அவற்றால் வந்த துணிவில், தாங்களே எழுதிய பாட்டொன்றைத் தாங்களே படமாக்க வேண்டும் என்று எங்களைத் தேடி வந்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும் ஒரு பெண்ணின் பாட்டு அது.

அவர்கள் கொண்டுவந்த காட்சிப் பட்டியலில் முதல் ஏழு வரிகளும் அருவியாகவே இருந்தன. அருவியின் முன் நடை, அருவியின் முன் நடனம், சுழலும் பரிசல், அதில் நின்றபடி பாடுதல். பட்டியலைக் குறைக்கச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. கணக்குப் போடச் சொன்னோம். பாட்டின் காலம் 3 நிமிடம் 20 நொடி, அதாவது 200 நொடி. நிமிடத்துக்கு 96 தட்டு. நான்கு தட்டு கொண்ட ஓர் ஆவர்த்தனம் இரண்டரை நொடி. ஆக மொத்தம் 80 ஆவர்த்தனங்கள். இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு காட்சி என்றால் 40 காட்சிகள் வேண்டும். கரும்பலகையில் 40 கட்டங்கள் போட்டதும் பேச்சு மாறிவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இடம், ஒரு நேரம், ஓர் ஆள் தேவை. ஆற்றில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை வந்துவிடும். அதை நம்பி ஏழு கட்டங்களை விடமுடியாது. அருவிக்கு ஒரு கட்டம் போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

ஒலிப்பதிவு ஒரு புளிக் கிடங்கில் நடந்தது. வகுப்பறையில் கைதட்டினாலே எதிரொலி வந்தது. கூரை வரை அடுக்கிய புளி மூட்டைகளுக்கு நடுவில் எதிரொலி இல்லை. வணிகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிடங்கைத் திறந்து கொடுத்தார். கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. புளி வாசத்தில் வாய் ஊறிக்கொண்டே இருந்ததால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. பாடியவள் ஒரே மாணவி. பயிற்சி பெற்ற குரல் இல்லை. ஆனால் பல்லவியின் இரண்டாவது அடியில் அவள் இழுத்து நிறுத்தும் இடத்தில் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். பார்த்திருந்தால் கண் கலங்கியது தெரிந்திருக்கும்.

பாடல் காணொளி என்பது பெரும்பாலும் வாயை நம்பிய கலை. பாடுகிறவர் கேமராவைப் பார்த்து வாயசைக்க வேண்டும். பார்ப்பவர் அந்த உதடுகளைத்தான் பின்தொடர்வார். மாணவர்கள் அதற்கான நுணுக்கங்களையும் அறிந்து வைத்திருந்தார்கள். பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 60 சட்டகம் வீதம் எடுத்து, பின்பு 30 வீதம் ஓடவிட்டால் நடை மெதுவாகும், வாயசைப்பு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். இதைச் செய்துபார்க்க அவளை முன்னால் வந்து நிற்கச் சொன்னபோதுதான், பாடியவள் வர மறுத்தாள். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சிரிக்கும்போதெல்லாம் துப்பட்டாவின் நுனி உதட்டுக்குப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவளுடைய முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். இங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரையறை. மிகுந்தால் பற்களில் கறையும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்புகளில் பாதிப்பும் வரும். தண்ணீரைக் காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அடர்த்திதான் கூடும். முன்பற்களின் எனாமல் உருவாவது பிறந்தது முதல் நான்கைந்து வயது வரையிலான காலத்தில். அப்போது குடித்த நீரின் கணக்கு, பல் முளைத்த பின்பு வெளியே தெரிகிறது. எந்தப் பற்பசையாலும் தேய்த்துப் போக்க முடியாது. துலக்காததால் வந்த கறை என்று அறியாதவர்கள் சொல்லும் சொல்தான் இதில் கொடியது.

இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் முன்னெடுக்கப்பட்டு, 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த மாணவி பிறந்தது 2008இல். காவிரி நீர் குழாயில் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய தம்பி 2015இல் பிறந்தவன். அவன் பற்கள் வெண்மையாக இருக்கின்றன. ஒரே வீட்டில், ஒரே குடத்தில் குடித்தவர்களுக்கு இடையே ஒரு திட்டத்தின் தேதி கோடு போட்டிருக்கிறது.

இனி என்ன செய்வது என்ற பேச்சு இரண்டு வாரம் நடந்தது. காட்சிகளை எடுத்ததைக் காட்டிலும் இந்தப் பேச்சே படத்தை உருவாக்கியது என்பது எங்கள் எண்ணம்.

முதல் யோசனை, வேறொரு மாணவி வாயசைப்பது. தமிழ்த் திரையில் இது பழைய வழிதான். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்திலேயே ஒருவர் பாட மற்றொருவர் வாயசைத்தார். அன்று பிரிந்த குரலும் முகமும் இன்றுவரை பிரிந்தே வாழ்கின்றன. ஆனால் அதற்குத் தேர்வான தோழி ஒப்புக்கொள்ளவில்லை. "அவ பாட்டுக்கு நான் வாயசைச்சா, நாளைக்கு ஊருக்குள்ள எப்படிண்ணா அவளோட சேந்து நடப்பேன்?" என்றாள்.

இரண்டாவது யோசனை, கைப்பேசிச் செயலியில் பற்களை வெண்மையாக்கிவிடுவது. சில நொடி வேலை. தண்ணீரைப் பற்றிய பாட்டில் தண்ணீரின் தடயத்தையே அழிக்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்குப் பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது யோசனை இதற்கு நேர் எதிரானது. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நலம்விரும்பி ஒருவர் சொன்னது. கறைபட்ட பற்களையே அண்மைக் காட்சியில் காட்டுங்கள், விழிப்புணர்வுப் படம் என்று பரிசு கிடைக்கும் என்றார். அந்த மாணவி அவ்வளவு நாளும் அதிகம் பேசாதவள். அன்று மட்டும் பேசினாள். "கறையைக் காட்டத்தான் என்னைப் பாட வெச்சீங்களா?"

அந்தக் கேள்வியை நாங்கள் நால்வரும் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். மறுவாரம் மாணவர்களோடு அமர்ந்து மூன்று காணொளிகளைப் பார்த்தோம். ஒன்று, கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடியது. மறு ஆண்டு மார்ச்சில் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அதைப் பாட்டின் வெற்றி என்று மட்டும் சொன்னால், தொழிலாளர்களின் பல்லாண்டுப் போராட்டத்துக்கு நியாயமாகாது. எனினும் பாட்டு அவர்களின் வழக்கை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது. இரண்டாவது, 2017இல் வந்த சென்னைப் புறம்போக்குப் பாடல். கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். இரண்டிலும் மாணவர்கள் கண்டுகொண்டது ஒன்றே: முகம் கொடுத்தவர்கள் தாமாகக் கொடுத்தார்கள். மூன்றாவது, 2011இல் வந்த 'கொலவெறி'. ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததை அப்படியே காட்டிய காணொளி. அருவி எதுவும் இல்லாமலே ஊர் உலகமெல்லாம் ஓடியது என்பதில் மாணவர்களுக்கு ஒரு நிம்மதி.

வழி வேறொரு பக்கத்திலிருந்து திறந்தது. எங்கள் பகுதியில் தெருக்கூத்து இன்னும் உயிரோடிருக்கிறது. பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்க வந்த கூத்து வாத்தியார் இந்தச் சிக்கலைக் கேட்டுவிட்டு வியந்தார். கூத்தில் பாட்டு ஒரு முகத்துக்குச் சொந்தமில்லை. வேடக்காரர் ஓர் அடியை எடுத்துக் கொடுத்தால் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். முகவீணை அதைத் தொடரும். "பாடறவன் மூஞ்சியில என்ன இருக்குது தம்பி? அரிதாரந்தான் இருக்குது. கேக்கறவன் மூஞ்சியிலதான் பாட்டு எறங்கும். விடிய விடிய நாங்க அதைப் பாத்துத்தான் ஆடறோம்" என்றார்.

கரும்பலகையில் இருந்த 40 கட்டங்களும் அன்று அழிக்கப்பட்டன. பாடுபவரைக் காட்டாமல் கேட்பவர்களைக் காட்டுவது என்று முடிவாயிற்று. யாருமே வாயசைக்க மாட்டார்கள். அந்தக் குரல் ஊருக்குள் ஒலிக்கும். அதைக் கேட்கும் முகங்கள்தாம் படம்.

எடுத்த விதம் எளிமையானது. பாட்டின் தொடக்கத்தில் நான்கு தட்டு ஒலியைச் சேர்த்துக்கொண்டோம்; எந்தக் காட்சி எந்த இடத்தில் பொருந்தும் என்று தொகுக்கும்போது அறிய அது உதவியது. ஒரு சிறிய ஒலிபெருக்கி, ஒரு ட்ரைபாட், இரண்டு கைப்பேசிகள். காலை ஆறரை முதல் எட்டு வரையிலான வெயிலில் மட்டுமே எடுத்தோம். கேழ்வரகு புடைக்கும் பாட்டி, தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறக்கும் டேங்க் ஆபரேட்டர், பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அக்கா, பரிசலைத் தோளில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லும் பரிசல்காரர். ஒவ்வொருவரையும் முழுப்பாட்டையும் கேட்கவிட்டு, அதில் ஐந்து நொடியை எடுத்தோம். எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கினோம். பதினொரு மாணவர்களின் பெற்றோரிடம் கையெழுத்து. அருவிக்கு ஒரே காட்சி. அது முடியும் தட்டில் குழாயடியில் ஒரு நெகிழிக் குடம் நிறையத் தொடங்கும். அந்த வெட்டு எங்கள் திறமையன்று. குடம் வைத்த சிறுவனின் தாளம்.

மாணவியின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். இப்பகுதியில் பல வீடுகளின் நிலை அதுவே. பாட்டை அவளுடைய தந்தைக்கு அனுப்பினோம்; அவர் கேட்பதை உடன் வேலை செய்பவர் கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். பாதிக் கட்டிய சுவரின் மேல் அமர்ந்து, காதருகே கைப்பேசியை வைத்துக் கேட்கிறார். இரண்டாவது சரணத்தில் அவருக்குச் சிரிப்பு வருகிறது. வாய்விட்டுச் சிரிக்கிறார். அதே பழுப்புக் கறை, மகளுடையதைவிட அடர்த்தியாக.

அதைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டோம். "என் பல்லுதானேங்க, போடுங்க. எம்பொண்ணு பாட்டுக்குச் சிரிச்சது" என்றார். மகளிடமும் கேட்டோம். அவள் வெகுநேரம் அந்த ஐந்து நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். படம் முழுவதிலும் ஃபுளோரைடு என்ற சொல் இல்லை. விழிப்புணர்வு வாசகம் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கிறது. பள்ளியில் திரையிட்டபோது அந்த இடத்தில் கூடத்திலிருந்த பெரியவர்கள் பலரும் சேர்ந்து சிரித்தார்கள், கையை வாயருகே கொண்டுபோகாமல்.

பெற்றோர் சிலர் விரும்பாததால் காணொளி இணையத்தில் ஏற்றப்படவில்லை. நண்பர்கள் பென்னாகரம் வந்தால் காட்டுகிறோம். பள்ளிகளில் இத்தகைய முயற்சியில் இறங்கும் ஆசிரியர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன் இரண்டு வாரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். யாருடைய முகம், யாருடைய குரல், அதை எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பது அங்கேயே தீர வேண்டும். தொகுப்பு மேசையில் அதைத் தீர்க்க முடியாது.

தொகுப்பின் கடைசி நாளில் பெயர்ப் பட்டியல் போட்டோம். அகரவரிசையில் போடலாம் என்றுதான் முதலில் பேசியிருந்தார்கள். அந்த மாணவி மெதுவாக அருகில் வந்து நின்றாள்.

"முகம் வேணாம்ணா. ஆனா எம்பேரை முதல்ல போடுங்க. பெருசா போடுங்க."

போட்டோம். இரண்டு ஆவர்த்தனம், ஐந்து நொடி, திரை முழுவதும் அவள் பெயர் மட்டும்.