ஆவணி மூலமும் எங்கள் வீட்டு வளைகாப்பும்

மதுரை மாநகரின் வீதிகள் திங்கள்களின் பெயரைத் தாங்கி நிற்றலை யாவரும் அறிவர். திருக்கோயிலின் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. அதனைச் சூழச் சித்திரை வீதி. அதன் புறத்தே ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. இத்தகைய நகரின் அயலிலே வாழ்வார் தம் இல்லத்து நிகழ்ச்சிகளையும் திருவிழாக்களைக் கொண்டே நினைவில் வைத்தல் இயல்பாயிற்று. “அவன் பிறந்தது பிட்டுத் திருவிழாவிற்கு மறுநாள்” என்றும், “அவளுக்குத் திருமணம் ஆனது தெப்பத்திற்கு முன்” என்றும் எங்கள் வீட்டு மூதாட்டியர் கணக்குக் கூறுவர். ஆங்கிலத் தேதி வேண்டுவோர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

யாங்கள் வாழும் விளாங்குடி வையையின் வடகரையில், திண்டுக்கல் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டியுள்ளது. நெடுநாள் தனி ஊராட்சியாகவும் பேரூராட்சியாகவும் இருந்து, 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. ஆற்றைக் கடந்தால் ஆரப்பாளையம். அதனை அடுத்துப் பிட்டுத்தோப்பு. எம்பெருமான் கூலியாளாய் மண் சுமந்த திருவிளையாடல் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று நடிக்கப்பெறும் இடம் அதுவே.

ஆடியும் ஆவணியும் எங்கள் வீட்டிற்கு ஓய்வில்லாத காலம். ஆடியில் திருமணம் முதலியன செய்யார் ஆதலின் அம்மாதத்தை ஒழிந்த மாதம் என்று கருதுவோர் உளர். அவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டிற்கு வந்து பார்த்தல் வேண்டும். ஆடிக்காற்றிற்குச் சாளரங்களை அடைப்பதும், அமாவாசையன்று முன்னோர்க்குக் கடன் கழிப்பதும், புதுமணப் பெண்ணை அழைத்து வருவதும், பதினெட்டாம் பெருக்கிற்குப் பலவகைச் சோறு ஆக்குவதும் ஆக அத்திங்கள் விரைந்து கழியும். ஆவணி பிறந்த அன்றே அதுவரை தேங்கிநின்ற மங்கல வினைகளெல்லாம் ஒருங்கே பாய்ந்து வரும். ஒரு முகூர்த்த நாளில் நான்கு திருமண அழைப்புக்கள் வந்து, வீட்டில் உள்ளோர் திசைக்கொருவராய்ப் பிரிந்து சென்றதும் உண்டு.

சென்ற ஆண்டு இவையேயன்றி எங்கள் குடும்பத்திற்கே உரிய காரியங்கள் மூன்று நேர்ந்தன. மூத்த பேரன் கல்லூரியிற் சேர்ந்து விடுதிக்குப் புறப்பட்டான். அவனுடைய பெட்டியில் திருநீற்றுப் பையை அவன் பாட்டி வைக்க, அதனினும் முதன்மையாக அவன் கைப்பேசியின் மின்கம்பியைத் தேடிக் கொண்டிருந்தான். கடைக்குட்டிப் பேத்திக்குத் திருப்பரங்குன்றத்தில் முடியிறக்கிக் காது குத்தினோம். அவள் அழுத அழுகையில் தாய்மாமன் மடியும் நனைந்தது, அவர் கண்ணும் நனைந்தது. மூன்றாவது, என் இளைய மகளுக்கு ஏழாந்திங்கள் வளைகாப்பு. யான் எழுதப் புகுந்தது இதனைப் பற்றியே.

வளைகாப்பிற்கு நாள் பார்த்தபொழுது, ஆவணி வளர்பிறையில் அனுட நாள் அமைந்தது. அந்நாளே திருக்கோயிலில் வளையல் விற்ற திருவிளையாடல் நிகழும் நாளாகவும் வாய்த்தது. ஆவணி மூலப் பெருவிழாவிலே கருங்குருவிக்கு உபதேசித்தது தொடங்கி, நாரைக்கு முத்தி கொடுத்தது, மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி அளித்தது என ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திருவிளையாடல் நடைபெறும். வளையல் விற்ற நாளின் இரவிலே சோமசுந்தரக் கடவுளுக்குத் திருமுடி சூட்டுவர். சித்திரை தொடங்கி நான்கு திங்கள் அம்மை ஆண்ட அரசினை ஐயன் ஏற்றுக்கொள்வது அன்றுதான். (எங்கள் வீட்டில் இம்மாற்றம் நிகழ்வதேயில்லை என்பது என் மருமகப் பிள்ளையின் கருத்து.)

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்கு படலங்களுள் வளையல் விற்ற படலம் முப்பத்திரண்டாவது. தாருகவனத்து முனிவரின் மனைவியர் சாபத்தால் மதுரையில் வணிகர் குலத்துப் பெண்களாய்ப் பிறக்க, பெருமான் வளையல் வாணிகனாய்த் தெருவிலே வந்து, அவர்தம் கைகளைப் பற்றி வளையல் இட்டருளினார். அத்தீண்டலால் அவர்கள் கருவுற்றுப் புதல்வரைப் பயந்தனர் என்பது வரலாறு. முற்பிறப்பின் பிழையும், அதனால் வந்த சாபமும் உடைய மகளிரை வளையலிடத் தகாதவர் என்று அவ்வாணிகர் விலக்கினாரில்லை. இதனை இங்கே குறித்துக்கொண்டு மேற்செல்வேம்.

எங்கள் இல்லத்தில் என் தமக்கையார் இருக்கின்றார். இருபத்தாறாம் வயதிலே கணவனாரை இழந்து, மக்கட்பேறும் இன்றி எங்கள் தந்தையார் வீட்டிற்குத் திரும்பியவர். அப்பொழுது யான் பள்ளிச் சிறுவன். எனக்குச் சோறிட்டுப் பாடங் கேட்டவர் அவர்; பின்னர் என் மக்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர். என் இளைய மகள் நடை பயின்றது அவர் முன்றானையைப் பற்றிக்கொண்டுதான். ஆயினும் இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டு மங்கல வினை எதிலும் அவர் கூடத்தில் நின்றதை யான் கண்டதில்லை. சமையற்கட்டிலிருந்து பண்டங்கள் வரும்; அவர் வாரார். அவரை யாரும் விலக்கியதாகவும் நினைவில்லை. விலக்க வேண்டாதபடி அவரே விலகி நின்றார். இவ்வகை விலகலை நம்மவர் பெருந்தன்மை என்று புகழ்வர். புகழ்வதற்கு எளிது, நிற்பவர்க்கன்றோ காலின் நோவு தெரியும்!

வளைகாப்பிற்கு இரண்டு நாள் முன்னர், புதுமண்டபத்தை விட்டுக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்தோம். அன்றிரவு என் மகள், “முதற் காப்பை அத்தைதான் இடவேண்டும்” என்றாள். எங்கள் பக்கத்தில் முதலில் வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பினையும், அதன் பின்னரே கண்ணாடி வளையல்களையும் இடுவது வழக்கம். வீட்டில் சிறிது நேரம் பேச்சில்லை. முதலில் மறுத்தவர் தமக்கையாரே. “வேண்டாமம்மா, நாளைக்கு ஒன்று என்றால் ஊர்வாய் என்னைத்தான் சொல்லும். ஊர்வாய் போகட்டும், எனக்கே மனம் தாங்காது” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கையைத் தாமே அஞ்சி வாழ்ந்தவரின் சொல் அது.

சம்பந்தி வீட்டிற்கு இச்செய்தி எட்டியது. அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் என் மனைவியாரை அழைத்து, மிக்க மரியாதையோடு, “சுமங்கலிகள் ஐவரோ எழுவரோ இட்டு முடிக்கட்டும், பெரியவர்கள் அப்புறம் ஆசீர்வாதம் செய்யலாமே” என்றார். அவர் கெட்ட எண்ணத்தால் கூறினார் என்று யான் எண்ணவில்லை. வயிற்றிலிருக்கும் குழவிக்கு யாதொரு தீங்கும் வரலாகாது என்பதே அவர்க்கும் கவலை. எங்கள் கவலையும் அதுவே. ஆதலின் இதனைச் சினத்தாற் போக்கிவிடுதல் இயலாது. எண்ணித்தான் பார்த்தல் வேண்டும்.

நம் சித்தாந்தம் வினையைப் பற்றிக் கூறுவது யாது? அவ்வவ்வுயிர் ஈட்டிய வினையின் பயனை அவ்வவ்வுயிர்க்கே இறைவன் கூட்டுவிக்கின்றான் என்பதன்றோ? கணவன் இறந்தது அவன் வினையின் முடிவு. அதனை மனைவியின் கையில் ஏற்றி, அக்கையினின்று இன்னொருத்தியின் வயிற்றிலுள்ள மகவிற்கு மாற்றுதற்கு எந்நூலில் இடமுண்டு? வினை தொற்றுநோய் அன்று. இவ்வச்சத்தை மெய்யென்று கொள்வோமாயின், வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன் என்பதனை நாம் ஏட்டளவில் மட்டுமே நம்புகின்றோம் என்றுதான் பொருள்படும்.

இன்னும் ஒன்று. திலகவதியாரைச் சைவ உலகம் எவ்வாறு போற்றுகின்றது என்பதைக் கூற வேண்டுவதில்லை. அவருக்கென்று மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் வேண்டியதன் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியார் சமணத்திற் சென்று சூலை நோயுற்று மீண்டபொழுது, திருவதிகையில் அவருக்குத் திருநீறு அளித்தது அத்தமக்கையாரின் கையே. அதன் பின்னரே நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார். அக்கை மங்கலமற்றது என்று மருணீக்கியார் பின்வாங்கியிருந்தால் சைவத்தின் கதி என்னாகியிருக்கும்? தமக்கையால் வளர்க்கப்பெற்ற தம்பி ஒருவன் இதனை எழுதும்பொழுது சற்று நடுவுநிலை தவறினும் அன்பர்கள் பொறுத்தருள்க.

“வழக்கம்” என்ற ஒரு சொல்லைக் கொண்டு இவையனைத்தையும் தள்ளிவிடுவோர் உண்டு. மதுரையார்க்கு அச்சொல்லின் வலிமையும் தெரியும். அது மாறும் வகையும் தெரியும். 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாளில், அ. வைத்தியநாத ஐயர் அவர்கள் தலைமையில், அதுவரை புறத்தே நிறுத்தப்பட்டிருந்த அன்பர்கள் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குள்ளே சென்று வழிபட்டனர். அன்றும் வழக்கம் என்றே கூக்குரலிட்டனர் சிலர். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் இடங்கொடுத்தது; கணவன் சொத்தில் வரையறைக்குட்பட்ட உரிமையை 1937ஆம் ஆண்டின் சட்டமும், முழுவுரிமையை 1956ஆம் ஆண்டின் சட்டமும் அளித்தன. ஆனால் ஒரு வேப்பங்காப்பினை இடும் உரிமையை எந்தச் சட்டமன்றமும் வழங்க முடியாது. அது கூடத்தில் அமர்ந்திருப்போர் தரவேண்டிய உரிமை.

குறித்த நாள் வந்தது. மகளை மணையில் இருத்தினர். சந்தனமும் குங்குமமும் தட்டுக்களிற் காத்திருந்தன. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் தமக்கையார் கைவண்ணம். என் மகள் கையை நீட்டவில்லை. மடியிலே வைத்துக்கொண்டு சமையற்கட்டின் வாயிலையே பார்த்திருந்தாள். நல்லோரை கழிந்து கொண்டிருந்தது. யாரும் யாரையும் நோக்கவில்லை. என் மனைவியார் எழுந்து உள்ளே போனார். என்ன கூறினார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதற்கும் இன்றுவரை விடையில்லை. இருவரும் சேர்ந்து வெளியே வந்தனர். தமக்கையாரின் விரல்களில் மாவு உலர்ந்திருந்தது. கழுவவும் நேரமில்லை போலும். அக்கையாலேயே வேப்பங்காப்பினை எடுத்து இட்டார். கை நடுங்கியதால் அது ஒருமுறை நழுவி மணைமேல் விழுந்தது. ஒருத்தி மூச்சை உள்ளிழுத்த ஒலி எனக்குக் கேட்டது. என் மகள் குனிந்து தானே அதனை எடுத்து அவர் கையிற் கொடுத்தாள், மீளவும் இட்டார்.

பின்னர் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கூடத்தின் பின்வரிசையில், தூணோரம் அமர்ந்திருந்த மூதாட்டியர் இருவர், அழையாமலே எழுந்து வந்து ஆளுக்கொரு வளையல் இட்டுச் சென்றனர். அவ்விருவரும் எங்கள் வீட்டிற்கு எத்தனையோ விழாக்களில் வந்து, அத்தூணோரத்திலேயே அமர்ந்து சென்றவர்கள். சம்பந்தி வீட்டு அம்மையார் வளையல் இடாமல் இருந்துவிட்டார். ஆயினும் இருந்து உண்டே சென்றார். அந்த அளவிற்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

ஏழாந்திங்களில் வளையல் ஒலி கருவிலுள்ள குழவியின் செவிக்கு எட்டும் என்பர் நம் பாட்டிமார். அக்காலத்திற்குள் கருவின் செவிப்புலன் ஒலியை உணரத் தொடங்கிவிடும் என்று மருத்துவ நூலாரும் இப்பொழுது கூறுகின்றனர். இவ்வொன்றில் இரு சாராரும் ஒத்தது மகிழ்ச்சியே.

இரண்டு நாள் கழித்து ஆவணி மூலம். அன்று தமக்கையார் பிட்டுச் செய்தல் எங்கள் வீட்டில் தவறாத நியமம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, மணம் வர வறுத்து, மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசறி ஆவியில் வேகவைப்பார். பிசறிய மாவைப் பிடித்தாற் பிடிபடவும், உதிர்த்தால் உதிரவும் வேண்டும். வெல்லப் பாகின் பதமே இதன் உயிர்நிலை. சிறிது இளகினாலும் பிட்டுக் களியாகிவிடும். பின்னர்த் தேங்காயும் ஏலமும் நெய்யும். வையையின் கரையை அடைக்க வீட்டிற்கு ஓராள் வரவேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் கட்டளையிட்ட நாளில், தனக்கென ஒருவரும் இல்லாத வந்தியென்னும் முதியவள் வீட்டிற்கு ஆளாய் வந்தவர் யார் என்பதையும், உதிர்ந்த பிட்டே கூலியென்று பேசிய அன்று பிட்டெல்லாம் உதிர்ந்தே வந்ததையும் தமக்கையார் பாகு காய்ச்சும் பொழுதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வார். மதுரையில் அத்தனை செல்வர் வீடுகள் இருக்க, பெருமான் கைந்நீட்டி உண்டது துணையற்றவள் கைப்பிட்டை. இதனை ஆண்டுதோறும் ஊர்கூடி விழாவெடுத்துக் கொண்டாடிவிட்டு, வீட்டிற்கு வந்ததும் அத்தகையவரைச் சமையற்கட்டில் நிறுத்தி வைக்கின்றோமே என்ற எண்ணம் அன்று பிட்டுத்தோப்பிற்குச் செல்லும் பேருந்திலே எனக்குத் தோன்றியது. திருப்பரங்குன்றத்து முருகப்பெருமானும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் எழுந்தருளியிருந்த அக்கூட்டத்தில் தமக்கையார் பிட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் கார்த்திகை வரையில் அவர் நன்கு உறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. மகள் சிறிது தலைவலி என்றாலும் அவர் முகம் வெளுக்கும். மருத்துவரிடம் சென்று வரும் நாளெல்லாம் வாயிற்படியிலேயே இருப்பார். கார்த்திகையில் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. இதனை யான் கூறியவற்றிற்குச் சான்றாகக் காட்டவில்லை. பேறு கடினமாய் முடிந்திருப்பினும் அவர் கை குற்றமற்றதே. அவ்வாறே, நன்றாய் முடிந்ததும் அக்கையின் செயலன்று. ஆனால் அன்றிரவு அவர் உறங்கினார்.

பெயரிடு விழாவிற்குச் சம்பந்தி வீட்டு அம்மையார் வந்திருந்தார். வளைகாப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, யாங்களும் எடுக்கவில்லை. விருந்து முடிந்து யான் சமையற்கட்டின் பக்கம் சென்றபொழுது, அவர் முக்காலியில் அமர்ந்து, பிட்டிற்குப் பாகை எந்தப் பதத்தில் இறக்குவது என்று தமக்கையாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.