ஷிப்டுக்கும் வகுப்புக்கும் நடுவே: ஓசூர் எல்லைப் பகுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளி

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்காக ஐந்து முதல் பத்து நாள்வரை திருச்சபைகள் நடத்தும் காலை வகுப்புகளைப் புராட்டஸ்டண்டு சபையார் விடுமுறை வேதாகமப் பள்ளி என்றும், கத்தோலிக்கர் விடுமுறை விவிலியப் பள்ளி என்றும் எழுதினாலும், பேச்சில் இரு சாராருக்கும் அது ‘வி.பி.எஸ்.’தான். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, தின்பண்டம் என்று அமையும் இவ்வகுப்புகளில் கற்பவர்கள் சிறுவர்களாயினும் பாரத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் சபையின் வாலிபர்களே. ஆகவே கோடைகால இளையோர் பணி என்று சபைகள் அழைப்பதில் கனமான பகுதி இதுவே.

இதன் பிறப்பு நியூயார்க் நகரத்தின் நெரிசலான குடியேறிகள் பகுதியில் நிகழ்ந்தது. கோடையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற பெண்மணி 1898இல் ஒரு பீர்க் கடைக் கூடத்தையே வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். 1901 முதல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதைப் பல இடங்களுக்கு விரித்தார். வேலை தேடி வந்தவர்களின் குடியிருப்பு, வாடகைக் கூடம், உறவினர் துணையில்லாத பிள்ளைகள் ஆகிய இம்மூன்றும் இன்றைய ஓசூருக்கும் அப்படியே பொருந்துவதால், இந்த வரலாற்றை வெறும் தகவலாகக் கடந்துவிட இயலாது.

ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கிறிஸ்தவம் புதிதன்று. அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபை இந்தியாவில் தன் பணியை 1895இல் தியோடர் நெய்தர் வழியாகத் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களும் இம்மாவட்டத்தில் உண்டு. ஆனால் ஓசூரின் இன்றைய சபைகளில் பலவற்றின் முகம் சிப்காட் தொழிற்பேட்டையோடு சேர்ந்து உருவானது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய ஆலைகள் 1980களில் வேரூன்றின. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்த கிராமத்துப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரை டைட்டன் நிறுவனம் ஏற்பாடு செய்ததிலிருந்தே, ஆலை வேலையோடு வந்த தனிமை எத்தகையது என்பதை ஊகிக்கலாம். அண்மைக் காலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ், ஓலா ஆலைகளால் இம்மாவட்டத்தில் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கையும் பெருகியுள்ளது. தென்மாவட்டங்களில் வி.பி.எஸ். பாட்டுகளைப் பாடி வளர்ந்து இங்கே இயந்திரங்களின் முன் நிற்கும் வாலிபர்களே இவ்வகுப்புகளின் இயல்பான ஆசிரியர்கள்.

களத்தில் முதலில் புலப்படும் சிக்கல் நாள்காட்டி. கர்நாடகப் பள்ளிகளுக்கு ஏப்ரல் நடுவிலும் தமிழகப் பள்ளிகளுக்கு அம்மாத இறுதியிலும் விடுமுறை விழுவதால், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலுள்ள அத்திப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளும் வரவேண்டுமானால் மே முதல் வாரங்களே வாய்க்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் அப்போதும் காலை வகுப்பு தாங்கும். தாழ்ந்து கிடக்கும் கிருஷ்ணகிரியில் பதினொரு மணிக்குள் முடித்தாக வேண்டும். அங்கே மாங்காய்ப் பருவமும் குறுக்கிடுகிறது: கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகம், அதாவது கிளிமூக்கு, பறிப்புக்கு வந்துவிட்டால் பெற்றோரோடு பிள்ளைகளும் தோப்புக்குப் போய்விடுவர், வருகைப் பதிவேட்டில் விழும் அந்த ஓட்டைக்கு ஆசிரியரின் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவது அநியாயம்.

ஆசிரியரின் நாள்காட்டி இன்னும் கடினமானது. நைட் ஷிப்டு முடிந்து ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பும் ஒருவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு ஒன்பது மணிக்குச் சிரித்த முகத்தோடு செய்கைப் பாட்டுப் பாடவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாயின் விடுப்பு எடுத்த நாளுக்குக் கூலியும் இல்லை. செய்கைப் பாட்டு என்பது சொல்லுக்குச் சொல் கையசைவு அமைந்த பாட்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பாயில் உட்காரும் இப்பகுதியில் அது ஒரு மொழிபெயர்ப்புக் கருவியாகவும் ஆகிவிடுகிறது. தேவன் என்ற சொல் தேவுடு, தேவரு என்று அண்டை மொழிகளிலும் முகம் காட்டுவதால் சிக்கலில்லை. ஆனால் ‘அன்பு’ என்றால் தெலுங்கு வீட்டுப் பிள்ளை விழிக்கும். அங்கே ‘பிரேம’ என்ற சொல்லையும் மார்பில் குறுக்காக வைத்த இரு கைகளையும் சேர்த்துக் கொடுக்கத் தெரிந்தவரே தேர்ந்த ஆசிரியர்.

கைத்திறன் வேறிடங்களிலும் வெளிப்படுகிறது. வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சொல்லை அழித்துக்கொண்டே போய், வெறும் பலகையைப் பார்த்து வகுப்பு முழுவதையும் ஒப்பிக்கச் செய்வது எளிதாகத் தோன்றினாலும், எந்தச் சொல்லை முதலில் அழிப்பது என்பது அனுபவத்தால் மட்டுமே வரும். பெயர்ச்சொல்லை அவசரப்பட்டு அழித்தால் வகுப்பே தடுமாறும். சொரசொரப்பான துணி போர்த்திய பலகையில் காகித உருவங்களை ஒட்டிக் கதை சொல்லும் ஃபிளானல் படமுறை, ஒளித்திரை வந்தபின் அருகிவிட்டது. அது இழப்பே, ஏனெனில் திரையைப் பிள்ளைகள் பார்க்க மட்டுமே முடியும். கோலியாத்தைப் பலகையில் ஒட்டும் உரிமைக்கோ அவர்கள் அடித்துக்கொள்வர்.

குறைகளும் உண்டு. ஒலிவாங்கி ஆண்களிடமும் சுண்டல் பாத்திரம் பெண்களிடமும் போய்ச் சேர்வது பல சபைகளில் கேள்வியின்றி நடக்கிறது. நிறைவு நாள் நிகழ்ச்சிக்கான ஒத்திகை கடைசி மூன்று நாள் பாடங்களை விழுங்கிவிடுகிறது. பிற சமயத்துப் பிள்ளைகள் பக்கத்து வீட்டு நட்பால் வரும்போது பெற்றோரின் சம்மதத்தைத் தெளிவாகப் பெறுவது நாகரிகம் மட்டுமன்று, கடமையும்கூட; விளையாட்டு நேரத்தில் இரண்டு பெரியவர்களாவது உடனிருக்கவேண்டும் என்பதும் அவ்வாறே.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்றால், ஆன்மிக நிறைவு என்ற பொதுவிடை உண்மையாயினும் போதாது. ஆலை வாயிலில் அடையாள அட்டை எண்ணாகவும் ஒப்பந்ததாரரின் பட்டியலில் ஒரு வரியாகவும் இருப்பவர், பத்து நாளுக்கு நாற்பது பிள்ளைகளுக்கு ‘அண்ணா’ ஆகிறார்; சந்தைக் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்து ‘அக்கா’ என்று கட்டிக்கொள்வது, விடுதி அறையில் வாழும் ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் முதன்முதலாகக் கிடைக்கும் உறவாக இருக்கக்கூடும். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அந்த அக்கா வேறு ஊருக்குப் போய்விடுவார். உதவியாளராய்ச் சேர்ந்து ஆசிரியராகிப் பின் பொறுப்பாளராகும் பயிற்சித் தொடர், நிலையான குடிகள் வாழும் ஊர்களில் போல இங்கே நீடிப்பதில்லை, ஒவ்வொரு கோடையிலும் ஏறத்தாழப் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கிறது.

வாடகை மண்டபமாயின் நிறைவு நாளிலும் நேரம் குறித்ததே: மாலையில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி இருக்கும். வண்ணக் காகிதத் தோரணங்களைக் கிழியாமல் கழற்றி, தரையில் ஒட்டிய நாடாக்களை நகத்தால் சுரண்டியெடுத்து, வரைபடங்களைச் சுருட்டி ஒரு வீட்டுப் பரண்மேல் போடுவதற்காகக் கட்டிவைத்தபின், இரண்டு மணி ஷிப்டுக்குரியவர்கள் சீருடையை மாற்றிக்கொண்டு நிறுவனப் பேருந்துக்கு ஓடுகிறார்கள்.