நிலக்கரிக் கால்வாயின் கோடை: டாட்டெல்ன் முதல் ஹம் வரை

ஜெர்மனியின் மேற்கில், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் டாட்டெல்ன் நகரில் தொடங்கி, ஹம் நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள ஊன்ட்ரோப் பகுதியில் முடியும் டாட்டெல்ன்-ஹம் கால்வாய், ஏறத்தாழ 47 கி.மீ. நீளமுடையது. 1914இல் ஹம் வரை திறக்கப்பட்டுப் பின்னர் 1933இல் கிழக்கே நீட்டிக்கப்பட்ட இந்நீர்வழியின் முதன்மையான சரக்கு, ரூர் வட்டாரச் சுரங்கங்களின் நிலக்கரியாக இருந்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் சரக்குப் படகுகள் இதில் செல்கின்றன எனினும், கோடையில் இதன் கரையை நிறைப்போர் ஓய்வு நாடி வரும் மக்களே. தொழிலுக்கென அமைந்த இடத்தை விளையாட்டுக்கும் விழாவுக்கும் உரியதாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இக்கால்வாய் நெடுகிலும் காணலாம். அதன் கிழக்கு முனையில் ஈழத்தமிழர் எடுக்கும் தேர்த்திருவிழாவும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

இவ்வழக்கத்தைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் பகற்பொழுதை முதலில் நோக்க வேண்டும். அந்தமானில் லம்பா லைன் பகுதியில் வாழும் ஒருவர்க்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான வேறுபாடே தெரியும். ஹம் நகரிலோ டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்தையும் எட்டாது. ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டி, இரவு ஒன்பதரைக்குப் பின்னும் வெளிச்சம் நிற்கும். ஆகவே அங்கு கோடை என்பது வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் காலமாக இல்லாமல், வேலை முடிந்த பின்னும் எஞ்சியிருக்கும் பல மணி நேர வெளிச்சத்தை வீணாக்காமல் வெளியில் கழிக்கும் காலமாக உள்ளது.

டோர்ட்முண்ட்-எம்ஸ் கால்வாயிலிருந்து இந்நீர்வழி பிரியும் டாட்டெல்னில் தொடங்கி, கரையோரப் பராமரிப்புப் பாதைகள் மிதிவண்டியோட்டிகளுக்கும் நடப்போருக்கும் பயன்படுகின்றன. வெப்பம் மிகுந்த நாள்களில் இளைஞர்கள் கால்வாயிலேயே நீந்துகின்றனர். எனினும் பாலங்கள், துறைகள் ஆகியவற்றின் அருகிலும், இருபுறமும் கதவுகள் கொண்ட தொட்டியில் படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் ‘லாக்’ அமைப்புகளின் அருகிலும் நீந்துவதற்குத் தடையுண்டு.

கிழக்கே லூனன் நகரை அடையும்போது பழைய தொழிலின் சுவடுகள் தெளிவாகத் தோன்றுகின்றன. ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றப்பட்ட பிராய்சன்ஹாஃபன் என்னும் துறை இன்று ஓய்விடமாக உள்ளது. அதன் அருகே, 1996ஆம் ஆண்டின் மாநிலத் தோட்டக் கண்காட்சிக்காக அமைக்கப்பட்ட ஏரிப்பூங்காவில் மக்கள் குளிக்கின்றனர். இத்தகைய தொழில் நகரங்களில் ஊரின் கோடை வாழ்க்கையை அறிய விரும்புவோர் ‘ஷ்ரேபர்கார்டன்’ எனப்படும் சிறுதோட்டங்களைக் கவனிக்க வேண்டும். சொந்த நிலமற்ற நகரவாசிகள் சங்கங்களின் வழியே குத்தகைக்கு எடுக்கும் இத்தோட்டங்கள் ஒவ்வொன்றும் 400 சதுர மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என 1983ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வரையறுக்கிறது. வெறும் புல்வெளியாக வைத்திருக்கவும் இயலாது, காய்கனிகளையும் பயிரிட்டாக வேண்டும்.

அடுத்து வரும் பெர்க்காமன் நகரில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த செயற்கைக் குன்று இன்று மரங்களடர்ந்த நடைவெளியாகியுள்ளது. ரூன்ட என்னும் பகுதியின் பழைய நிலக்கரித் துறையில் உல்லாசப் படகுகள் நிற்கின்றன. ஹம் நகருக்குள் கால்வாய் லிப்ப ஆற்றை ஒட்டி ஓடுகிறது. கால்வாய்க்குத் தேவையான நீர் அவ்வாற்றிலிருந்தே இங்கு எடுத்துவிடப்படுகிறது. டாட்டெல்னிலிருந்து ஒரே மட்டத்தில் வந்த நீர்வழி, ஹம், வெர்ரீஸ் ஆகிய இரு இடங்களில் மட்டும் லாக்குகளால் மேலேறுகிறது. 1984ஆம் ஆண்டின் தோட்டக் கண்காட்சிக்காக, மாக்ஸிமிலியன் சுரங்கத்தின் கைவிடப்பட்ட நிலக்கரி கழுவும் கட்டடம் கண்ணாடி யானை வடிவில் மாற்றப்பட்டதும், அது இந்நகரின் அடையாளமானதும் முன்னர்க் கூறிய வழக்கத்திற்குப் பொருத்தமான சான்றுகளாகும்.

கால்வாய் முடியும் ஊன்ட்ரோப்பின் தொழிற்பேட்டையில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் அமைந்துள்ளது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தோருள் ஒருவரான சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள், 1989இல் ஹம் நகரின் ஒரு நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002 ஜூலை 7ஆம் நாள் நிகழ்ந்த குடமுழுக்கின் வழியே, 17 மீட்டர் உயரக் கோபுரத்துடன் கூடிய பெருங்கோயிலாக நிலைபெற்றது. முன்னர் வழிபாடு நிகழ்ந்த குடியிருப்புப் பகுதியில் திருவிழாக் கூட்டம் இடநெருக்கடியை உண்டாக்கியதால், விசாலமான தெருக்களும் விடுமுறை நாளில் ஆளரவமின்மையும் கொண்ட தொழிற்பேட்டை கோயிலுக்கு ஏற்றதாயிற்று.

பெரும்பாலும் ஜூன் மாதத்து ஞாயிறொன்றில் நிகழும் தேரோட்டத்திற்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரள்கின்றனர். ஆண்களும் பெண்களும் தனித்தனி வடம் பிடிக்க, காவடி, அங்கப்பிரதட்சணம் ஆகியன தொழிற்கூடங்களுக்கு இடையே நடைபெறுகின்றன. ஈழத்துக் கோயில்களில் தேருக்கு மறுநாள் கடலிலோ கேணியிலோ நிகழும் தீர்த்தோற்சவம், அதாவது அம்மனை நீராட்டும் சடங்கு, இங்கு கால்வாயில் நிகழ்கிறது. வேடிக்கை பார்க்க வரும் ஜெர்மானியக் குடும்பங்களுக்கு அது அந்தக் கோடையின் விழாக்களுள் ஒன்று.

தோட்டத்திற்குச் சதுர மீட்டர்க் கணக்கும், நீந்துவதற்கு இட வரையறையும், தேருக்கு முன்கூட்டிய அனுமதியும் இருப்பதால், இக்கால்வாயின் கோடை மகிழ்ச்சி விதிகளோடு இணைந்தே நிற்கிறது. அவ்விதிகளுக்குள் இடம் கேட்டுப் பெற்றதன் வாயிலாகவே ஈழத்தமிழர் ஹம் நகரில் விருந்தினர் என்ற நிலையைக் கடந்து, அதன் கோடை விழாக்களை நடத்துவோருள் ஒரு பிரிவினராயினர்.