நிற்கும் நிலை

கோல்ப் ஆட்டத்தைத் தூரத்தில் நின்று பார்ப்போர்க்கு அதில் வீச்சு ஒன்றே புலப்படும். மட்டை உயர்கின்றது, சுழன்று இறங்குகின்றது, பந்து வானிற் பறக்கின்றது. அதனாற் போலும், இவ்வாட்டம் பழகப் புகுவோருட் பெரும்பாலோர் வீச்சையே திருத்த முயன்று ஆண்டுகள் பலவற்றைக் கழிக்கின்றனர். பந்து வலப்புறம் வளைந்தோடினாற் கையைக் குறை கூறுவர். மட்டை தரையைக் கொத்தினால் வேகத்தைக் குறை கூறுவர். உண்மையில் அக்குறைகளுட் பல, மட்டை அசையுமுன்னரே ஆடுபவர் நின்ற நிலையிற் பிறந்தவையாம்.

நம் கல்லூரி மைதானத்தில் நாம் பயின்றவை துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும். அவற்றிற் பந்து ஓடிக்கொண்டேயிருக்கும். எதிரியும் நம்மை விடான். கோல்ப் பந்தோ புல்லின்மேல் அசையாது கிடக்கின்றது. அதனை எவரும் எறிவதில்லை, எவரும் பறிப்பதுமில்லை. ஆதலின் ஆடுபவர்க்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. ஆயின் அவகாசம் நிறைய உண்டு. அவ்வவகாசத்தைப் பயன்படுத்தும் முறையே இவ்வாட்டத்தின் முதற் பாடம்.

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற பின்னரே நான் கொழும்பில் இதனைக் கற்கத் தொடங்கினேன். எனக்குக் கற்பித்தவர் முதல் மூன்று நாட்களும் என் முன்னே பந்தை வைக்கவில்லை. பிடிக்கவும் நிற்கவும் மாத்திரமே பழக்கினார். காரணம் வினவினேன். "ஐயா, மட்டை இறங்கத் தொடங்கினால் உங்களால் ஒன்றும் செய்ய இயலாது, நிற்கும்போது எல்லாம் செய்யலாம்" என்றார். கணக்கும் அதனையே கூறுகின்றது. உயர்ந்த மட்டை இறங்கிப் பந்தை அடைவதற்கு ஏறத்தாழக் கால் செக்கன் செல்லும். பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு செக்கனின் ஈராயிரத்தில் ஒரு பங்கு நேரமே. கண் கண்டு, மூளை பணித்து, கை திருந்துவதற்கு அங்கே இடமேது?

நிலையின் உறுப்புக்கள் நான்கு. முதலாவது பிடி. வலக்கையாற் பழகியவர் மட்டையை இடக்கையின் விரல்களிற் கிடத்தி, வலக்கைச் சிறுவிரலை இடக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மேலே பொருத்துவர். பிரித்தானிய திறந்த போட்டியை 6 முறை வென்ற ஹரி வார்டன் பரப்பிய பிடி இது. குழந்தையின் கையைப் பற்றி வீதியைக் கடப்பவர் எவ்வாறு பற்றுவாரோ அவ்வாறு பற்றுதல் வேண்டும்: நழுவவும் கூடாது, நோகவும் கூடாது.

இரண்டாவது நேர்நோக்கு. முதலில் மட்டையின் முகத்தை இலக்கிற்கு நேரே வைத்து, அதன் பின்னரே கால்களை அமைத்தல் வேண்டும். பொறளையிலுள்ள றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடலினூடே களனிவெளி இருப்புப்பாதை செல்கின்றது. இதனை விளக்க அதனினும் நல்ல படம் வேண்டியதில்லை. ஒரு தண்டவாளத்தின்மீது பந்தும் இலக்கும். மற்றதன்மீது நம் கால்கள். முழங்கால், இடுப்பு, தோள் யாவும் அதற்கு இணையாகவே இருத்தல் வேண்டும். தோளை இலக்கிற்கே நேராக நீட்டி நிற்பவர், தம்மை அறியாமலே அதன் வலப்புறம் நோக்கி நிற்கின்றார். பந்து அப்புறம் செல்லக் கண்டு, அடுத்த முறை கைகளை இடப்புறம் இழுத்து வீசுவார். ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை பழக்கமாகிவிடுகின்றது. 200 யார் தூரத்திற்கு, திசையில் 1 பாகை பிசகினால் பந்து மூன்றரை யார் விலகும். 5 பாகை பிசகினாற் பதினேழரை யார்.

மூன்றாவது உடலமைதி. முதுகைக் கூனாது இடுப்பு மூட்டிலே குனிந்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, கைகளைத் தோளினின்றும் இயல்பாகத் தொங்கவிடல் வேண்டும். நான்காவது பந்தின் இடம். முளைமேல் வைத்த பந்தை நீண்ட மட்டை மேலெழும்போது சந்தித்தல் நன்று. ஆதலின் அது இடக் குதிகாலுக்கு நேரே இருக்கும். குறுகிய இரும்பு மட்டை இறங்கும்போதே சந்தித்தல் வேண்டும். அதற்குப் பந்து கால்களின் நடுவே இருக்கும்.

இவை தொடக்க மாணவர்க்குரியவை எனச் சிலர் எண்ணலாம். பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட ஐந்து பாடங்கள் என்னும் நூலில் முதலாம் பாடம் பிடி; இரண்டாம் பாடம் நிற்கும் நிலை; மூன்றாம் பாடத்திலேதான் மட்டை அசைகின்றது. 1949இல் மோட்டார் விபத்தில் எலும்புகள் பல முறிந்தும், அடுத்த ஆண்டே அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றவர் அவர். பெரும்போட்டிகள் 18ஐ வென்ற ஜாக் நிக்லஸ், புகழின் உச்சியில் இருந்தபோதும், ஆட்டப் பருவம் தொடங்குகையிற் தம் இளமைக்கால ஆசிரியரிடம் சென்று, பிடியும் நிலையும் முதலியவற்றை அடியிலிருந்து மீண்டும் பார்த்துக்கொள்வார்.

இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டேன். பந்து முன்போலத் தூரம் செல்வதில்லை. என்னுடன் பழகத் தொடங்கியோருட் சிலர் அதனால் மனஞ் சலித்து மட்டையை மூலையிற் சாத்திவிட்டனர். எனக்கும் அவ்வெண்ணம் தோன்றியதுண்டு. தடுத்தது இந்நிலைப் பயிற்சியே. வீச்சின் வேகம் வயதுக்கு அடங்கியது, நிலை அவ்வாறன்று. அதற்குத் தசைவலிமை வேண்டியதில்லை. பொறுமையும் கவனமும் போதும். நிற்பதில் மாத்திரம் முதியவன் ஒருவன் உலக வெற்றிவீரனுக்கு ஒப்பாகலாம். நாள்தோறும் பத்து நிமிடம் நிலைக்கண்ணாடி முன், தரையில் இரு கோல்களை இணையாக இட்டு, பந்தின்றி நின்று பார்க்கின்றேன். தூரம் குறைந்தாலும் பந்து நேரே செல்கின்றது. அதுவே என்னைத் திடலில் வைத்திருக்கின்றது.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர் கோல்ப் ஆட நேரினும் நேராவிடினும், பந்தடிக்கும் எந்த ஆட்டத்திலும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அடி தவறியபோது கையை நோக்குமுன், கால்கள் எங்கே நின்றன என்று நோக்குக. திருத்தம் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும்.