ஈவ் ஆன்லைன்: கூட்டணிகள் உடையும் இடம்

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளி விளையாட்டில் ஒரு பேரரசின் விதியைத் தீர்மானிப்பது கப்பல்களை விட, கூட்டணிக்குள் உள்ள நம்பிக்கையும் நிர்வாகமும்தான். 2009 பிப்ரவரியில் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ கூட்டணி கலைந்த கதையைப் பாருங்கள். அதன் இயக்குநர் ஒருவர் எதிரணியான ‘கூன்ஸ்வார்ம்’ பக்கம் சாய்ந்து, தன் கையிலிருந்த அதிகாரத்தைக் கொண்டே அந்தக் கூட்டணியை இல்லாமல் ஆக்கினார். பெயர் போனதும் அதோடு பிணைந்திருந்த நிலப்பரப்பின் உரிமையும் போயிற்று. அதற்கு ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

படைபலம் பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த போரில் விளையாட்டின் மிகப்பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அங்கே பலம்தான் பேசியது. ஆனால் அந்தப் போரே மூண்டது, அந்த மண்டலத்தின் உரிமைக்கான கட்டணம் செலுத்தப்படாமல் விடுபட்டதால்! எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2020இல் தொடங்கிய பெரும்போரில் ‘பாப்பி’ கூட்டணி ஆள்பலத்தில் ஓங்கி நின்று, ‘இம்பீரியம்’ அணியை டெல்வ் பகுதிக்குள் நெருக்கியது. பகையைத் தவிரப் பொதுவானது அதிகம் இல்லாத பாப்பியின் அணிகள், 2021 ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பின.