பேணுதலும் ஓர் அமானிதம்

பொருளைத் தேடுதல் ஒரு திறம். தேடிய பொருளைப் பேணிக் காத்தல் அதனினும் பெருந்திறம். காசும் காணியும் மட்டுமே பொருளல்ல. முன்னோர் எழுதிய மடலும், அவர்தம் ஒளிப்படமும், அவர் பேசிய குரலும் ஒரு குடும்பத்தின் பொருளே. அவற்றைக் காக்கத் தவறி, பின்னர்க் காக்கக் கற்றுக்கொண்ட எம் வீட்டுக் கதையை மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்க்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தகரப் பெட்டியும் ஒலிநாடாவும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் வணிகத்தின் பொருட்டு இந்தோசீனம் சென்றனர். சைகோன் நகரில் 1935ஆம் ஆண்டு தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அவ்வரலாற்றுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. எம் பாட்டனாரும் அவ்வழிச் சென்றவரே. அங்கிருந்து அவர் எழுதிய மடல்கள், 'எதா சிவில்' பிறப்பு, மணப் பதிவுகளின் படிகள், வீட்டுப் பத்திரம் ஆகியன முல்லா வீதியிலுள்ள எம் இல்லத்தில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1962 ஆகஸ்டு 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, எந்நாட்டுக் குடிமை வேண்டும் எனத் தெரிவு செய்யும் நிலை இங்குள்ள பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. அதனால் ஒரு தாளின் அருமை என்னவென்பதைப் புதுவைவாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தாளினும் அரிய பொருள் ஒன்றும் எம்மிடம் இருந்தது. 1987ஆம் ஆண்டு எம் பாட்டியார் தம் சைகோன் வாழ்க்கையைத் தம் வாய்மொழியாகவே கூற, அதனை ஒலிநாடாவில் பதிந்து வைத்தோம். தொண்ணூறு நிமிட நாடா அது. கப்பற் பயணம், அங்கிருந்த கடைத்தெரு, போர்க்காலத்து அச்சம் என யாவும் அதில் இருந்தன. இடையே ஒரு தாலாட்டும் இருந்தது. நான்காண்டுகளுக்குப் பின் அவர் இறையடி சேர்ந்தார்.

2010இல் அந்நாடாவைக் கணினிக்கு மாற்றினோம். மடல்களையும் ஒளிப்படங்களையும் படியெடுத்தோம். அனைத்தையும் ஒரே வன்வட்டில் இட்டுப் பெருமிதம் கொண்டோம். மாற்றியாயிற்றே என்று, பூஞ்சை படர்ந்திருந்த அந்நாடாவைக் குப்பையில் எறிந்தோம். யாம் செய்த பிழைகளுள் தலையாயது இதுவே.

2017இல் ஒரு நாள் காலை அவ்வன்வட்டு 'டக் டக்' என ஒலித்தது; பின்னர்த் திறக்கவே இல்லை. சுழலும் தகடுகளும் அவற்றைப் படிக்கும் நுண்முனையும் கொண்ட பொறி அது. தேய்வதும் முறிவதும் அதன் இயல்பு. பழுது நீக்குவோர் இருவரிடம் கொடுத்தும் பயனில்லை. மடல்கள் தகரப் பெட்டியில் இருந்தமையால் தப்பின. பாட்டியாரின் குரல் போயிற்று.

பல திங்கள் கழித்துக் காரைக்காலில் வாழும் எம் தமக்கையார், அத்தாலாட்டை மட்டும் முன்னொரு நாள் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டதாகக் கூறினார். ஏழு நிமிடங்கள். தொண்ணூறு நிமிடங்களில் எஞ்சியவை அவ்வேழே.

எட்டுப் பாடல்கள்

அந்நாளில் எம் நினைவுக்கு வந்தது பல்சந்தமாலை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது எனக் கருதப்படும் அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. களவியற் காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களே எஞ்சியுள்ளன. நூலைக் காத்தவர் அதனைப் பூட்டி வைத்தவர் அல்லர். அதிலிருந்து எடுத்து வேறோர் ஏட்டில் எழுதியவரே காத்தார். எம் தமக்கையாரும் அவ்வுரையாசிரியரைப் போன்றவர்தாமே!

நம் புதுவையே மற்றொரு சான்று தருகின்றது. துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் மறையும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்த சில நாள்களில் நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று; பின்னர்க் கோட்டையும் நகரும் இடித்துத் தகர்க்கப்பட்டன. அத்தனை அழிவையும் கடந்து கிடந்த குறிப்பேடுகளை 1846இல் கலுவா மொம்பிரேன் என்பார் கண்டறிந்து படியெடுத்தார். அரியேல் என்பார் எடுப்பித்த படி பாரிசு சென்றது. பின்னர்ச் சென்னை அரசும் ஒரு படி எடுப்பித்து, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இடையிடையே விடுபட்ட பகுதிகள் உண்டு எனினும், மூன்று நகரங்களில் படிகள் இருந்தமையாலன்றோ அந்நூல் உலகறிந்ததாயிற்று!

இவை யாவற்றினும் மேலான முன்மாதிரி நம் மார்க்க வரலாற்றில் உள்ளது. யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்தோர் பலர் உயிர்நீத்தபோது, உமர் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று அபூபக்கர் (ரலி) அவர்கள் அதனை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அதிலிருந்து படிகள் எடுக்கப்பெற்றுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பெற்றன. தன் வேதத்தைக் காக்கும் பொறுப்பை இறைவனே ஏற்றுக்கொண்டான். எனினும் அத்தோழர்கள் தம் கடமையை விட்டுவிடவில்லை. நெஞ்சிலும் ஏட்டிலும், ஓரூரிலன்றிப் பல ஊர்களிலும் வைத்துக் காத்தார்கள்.

இல்லம் புகுந்த பெட்டி

இழப்பின் பின்னர் எமக்கு வழிகாட்டியவர் எம் தமக்கையின் மகன், பொறியியல் பயின்றவர். அவர் ஒரு சிறு பெட்டியைக் கொணர்ந்தார். செங்கற்கள் சிலவற்றை அடுக்கியது போன்ற அளவு. உள்ளே இரண்டு வன்வட்டுகள். அது வீட்டு ரவுட்டருடன் கம்பியால் இணைக்கப்படும். வீட்டிலுள்ளோர் அனைவரும் தத்தம் கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம். இதனை நெட்வொர்க் சேமிப்பகம் என்பர். சுருக்கமாக 'நாஸ்' என்பர்.

"ஒரு வட்டில் எழுதுவதை மற்றதும் அக்கணமே எழுதிக்கொள்ளும், மாமா. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும்" என்றார். "அவ்வாறாயின் இனிக் கவலையில்லை" என்றோம் யாம். அவர் சிரித்தார். "இது வட்டு பழுதாவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் ஒரு கோப்பைத் தவறி அழித்தால், இரண்டு வட்டுகளும் ஒருசேர அழிக்கும்" என்றார்.

அவர் கூற்று மூன்றே வாரங்களில் மெய்யாயிற்று. எம் இல்லாள் கைப்பேசியில் இடம் ஒழிக்க எண்ணி, மகளின் திருமணப் படங்கள் இருந்த அடைவு முழுவதையும் பெட்டியிலிருந்தே அழித்துவிட்டார். இரண்டு வட்டுகளும் கீழ்ப்படிதலுள்ள பணியாளர்களைப் போல் உடனே அழித்தன. நல்வாய்ப்பாக, நாள்தோறும் நள்ளிரவில் அன்றைய நிலையைப் பதிந்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' என்னும் ஏற்பாட்டை அவர் முன்பே செய்திருந்தார். அதனால் படங்கள் மீண்டன.

பீட்டர் க்ரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்றுண்டு. எப்பொருளுக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். அதன்படி, பெட்டியிலுள்ளவற்றை வாரந்தோறும் தனி வன்வட்டு ஒன்றில் படியெடுத்து, எழுதி முடிந்ததும் கழற்றி வைக்கின்றோம். கழற்றிய வட்டை எந்தக் கள்வனும் இணையத்தின் வழியே தொட இயலாது. மற்றொரு படி, பூட்டுமொழியில் மறைக்கப்பெற்று, இரவுதோறும் காரைக்காலில் தமக்கையார் இல்லத்திலுள்ள சிறு பெட்டிக்குச் செல்கின்றது.

வாயிலைத் திறத்தல்

பாரிசில் வாழும் எம் இளவல், குடும்பப் படங்களை அங்கிருந்தே காண விரும்பினார். ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவிட்டால் போதும் என எவரோ அவருக்குக் கூறியிருந்தனர். மருமகன் உடன்படவில்லை. இணையத்திற்கு நேரே திறந்த வாயிலை உறவினர் மட்டுமன்றி உலகிலுள்ள கள்வர் அனைவரும் தட்டுவர் என்றார். அவர் காட்டிய சான்றுகள் எம்மை அச்சுறுத்தின. 2021 ஏப்ரலில் 'க்யூலாக்கர்' என்னும் தீநிரல், க்யூநாப் நிறுவனத்தின் பெட்டிகள் பலவற்றினுள் இணையவழிப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அவ்வாண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் பழைய சாதனத்தை வைத்திருந்த பலர், தம் கோப்புகள் யாவும் தாமாகவே அழிந்து கிடக்கக் கண்டனர். அச்சாதனத்திற்கு 2015க்குப் பின் மென்பொருள் திருத்தமே வரவில்லை. இழந்தோருள் பெரும்பாலோர் எம்மைப் போன்ற எளிய இல்லத்தாரே.

ஆகவே ரவுட்டரில் எவ்வாயிலும் திறக்கப்படவில்லை. தானே வாயில் திறந்துகொள்ளும் அமைப்பும் அணைக்கப்பட்டது. பெட்டியுடன் வந்த 'அட்மின்' என்னும் பொதுப்பெயரை முடக்கி, வேறு பெயரில் நீண்ட கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் அமைத்தார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. சிறுவர்க்குப் படிக்கும் உரிமை மட்டுமே, அழிக்கும் உரிமை இல்லை. மென்பொருள் திருத்தங்கள் உடனுக்குடன் ஏற்கப்படுகின்றன. இளவலுக்கு வி.பி.என். என்னும் மறைவழி ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வழியே அவர் உரிய சாவியோடு வந்து படங்களைக் காண்கின்றார்.

மழை நாள்

கடற்கரை ஊரில் பொறிகளுக்குப் பகை பல. உப்புக்காற்று துருவேற்றும். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல், நாள்கணக்கில் நம்மை இருளில் ஆழ்த்தியது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையக்கூடும். எனவே யு.பி.எஸ். ஒன்றையும் இணைத்துள்ளோம். மின்சாரம் நின்று மின்கலம் குறைந்தால் அது பெட்டிக்கு அறிவிக்கும். பெட்டி முறைப்படி தானே உறங்கிவிடும்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. முற்றத்து வடிகால் எதிர்த்துப் பொங்கி, இரவோடிரவாகக் கூடத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. சேமிப்புப் பெட்டி தலையுயரப் பரணில் இருந்தமையால் தப்பியது. ஆனால் தகரப் பெட்டியோ கட்டிலின் அடியில் தரைமீது இருந்தது. விடிந்தபின் திறந்தோம். பாட்டனாரின் மடல்கள் பலவற்றில் மை கரைந்து நீலக்கறையாய்ப் பரவியிருந்தது.

அன்று யாம் அழவில்லை என்று கூறினால் அது பொய். எனினும் 2017இன் அழுகை வேறு, இவ்வழுகை வேறு. பெட்டி வந்த நாளில் மருமகனோடு அமர்ந்து, அம்மடல்களை மீண்டும் ஒவ்வொன்றாய்ப் படியெடுத்திருந்தோம். தாள் நனைந்தது, சொல் நனையவில்லை.

ஒத்துப் பார்த்தல்

ஒரு குறையையும் மறையாது கூற வேண்டும். அம்மழைக்குச் சில திங்கள் முன்னர், காரைக்கால் படியைத் தற்செயலாகத் திறந்து பார்த்தபோது, நான்கு திங்களாக அங்கே எதுவும் சென்று சேராதிருந்தமை தெரிந்தது. அங்கு ரவுட்டரை மாற்றியிருந்தனர், எவரும் கவனிக்கவில்லை. படி உள்ளது என்ற நம்பிக்கை மட்டுமே எம்மிடம் இருந்தது, படி இல்லை.

ஹாபிழ்கள் ஒருவர் ஓத மற்றொருவர் கேட்டுத் திருத்தும் வழக்கத்தை நம் மதரஸாக்களில் காண்கின்றோம். ஆண்டுதோறும் ரமளானில் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓதிச் சரிபார்த்ததன் வழிவந்த நெறி அது. காப்பதன் உயிர், ஒத்துப் பார்ப்பதிலேயே உள்ளது. இப்போது திங்கள்தோறும் முதல் வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வந்ததும், மூன்று படிகளிலிருந்தும் ஒவ்வொரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கின்றோம். பெட்டியும் தன் பங்கிற்கு, ஒவ்வொரு கோப்புக்கும் தான் இட்ட எண்முத்திரையைத் திங்களுக்கொருமுறை சரிபார்த்துக்கொள்கின்றது.

இறுதியாக ஒன்று. இத்தனை பூட்டுகளின் சாவி எம்மோடு மண்ணுக்குள் செல்லுமாயின், யாமே அதன் கள்வராவோம். வஸிய்யத்தை எழுதி வைக்காமல் காலங்கடத்தலாகாது என்பது நபிவழி. ஆகவே கடவுச்சொற்களையும், எப்பொருள் எங்குள்ளது என்ற விவரத்தையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒன்றைத் தமக்கையாரிடமும் மற்றொன்றை அதே தகரப் பெட்டியிலும் வைத்துள்ளோம். தகரப் பெட்டி இப்போது பரண்மேல் உள்ளது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெரியோர் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். இவ்விடுமுறையில் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள், பதியுங்கள், படியெடுங்கள். விலையுயர்ந்த பெட்டி இல்லையெனினும் கேடில்லை. இரண்டு பென் டிரைவுகளும், வேற்றூரில் ஓர் உறவினர் வீடும், திங்களுக்கொருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பும் போதும். யாம் இழந்த எண்பத்து மூன்று நிமிடங்களை எவராலும் மீட்டுத் தர இயலாது. நீங்கள் அத்தகைய இழப்பைக் காணாதிருக்க, எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.